‘ஐ7, நல்ல கண்டிஷன் அக்கா’: 280 வெள்ளி போன கதை

போன நவம்பரில் சிங்கப்பூரில் வீட்டுக்கு ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கி ஏமாந்தேன். தொகை பெரிதில்லை. ஆனால் ஏமாற்றிய விதம் நம்மில் யாரையும் சாய்த்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

தேவை சின்னதுதான். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகளுக்கு மாணவர் கற்றல் தளத்தில் வீட்டுப்பாடம், மாமியாருக்குப் பழைய பாட்டு, எனக்கு மத்திய சேமநிதிக் கணக்கும் மாதக் கட்டணங்களும். இதற்கு ஆயிரம் வெள்ளிக்குப் புதுசு எதற்கு என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

விளம்பரம் இப்படி இருந்தது: ஐ7, 16 ஜிபி ராம், 1 டிபி, விண்டோஸ் 11 ப்ரோ, குடும்ப உபயோகம், ஊருக்குப் போவதால் விற்கிறோம், 300 வெள்ளி. திராட்சைக் கொத்து போட்ட பிளாஸ்டிக் மேசை விரிப்பின் மேல் பெட்டியை வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். விசாரித்தேன். என் பெயரைப் பார்த்ததும் ஆள் தமிழுக்கு மாறிவிட்டார். “அக்கா நம்ம ஆளா? உங்களுக்காக 20 வெள்ளி குறைக்கிறேன்.” சரி, அங்கேயே பாதி விழுந்துவிட்டேன்.

இரவு ஒன்பது மணிக்கு ஈசூனில் அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் சந்தித்தோம். அங்கே பிளக் எங்கே இருக்கிறது, போட்டுப் பார்க்க? “வீட்டில் குழந்தை தூங்குது அக்கா” என்று சொல்லிக் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். கணினி ஓடுகிறது, விண்டோஸ் 11 திரை தெரிகிறது. கைப்பேசி வழியே பணம் அனுப்பும் பேநவ்வில் பணத்தை அனுப்பிவிட்டு டாக்சியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ரசீது கேட்கத் தோன்றவே இல்லை.

முதல் வாரம் பழுதில்லை. அப்புறம் ஒரு கோப்பைத் திறக்க அரை நிமிடம் ஆனது. கூடவே ஒரு சத்தம். டக், டக், டக். கொஞ்சம் நின்று, மறுபடி டக். மாமியார் நிமிர்ந்து பார்த்து, “பல்லி சொல்லுது, நல்ல காரியம் நடக்கும்” என்றார். நானும் பல்லி என்றே நம்பிச் சுவரெல்லாம் தேடினேன். மூன்றாம் நாள்தான் அந்தப் பல்லி பெட்டிக்குள்ளே இருப்பது தெரிந்தது.

என் தம்பியின் நண்பர் கணினி பழுதுபார்ப்பவர். வந்து உட்கார்ந்தவர் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினார். கணினியின் மூளையான செயலியின் (புராசசர்) பெயர் வந்தது: ஐ7-3770. “அக்கா, இது 2012-இல் வந்தது” என்றார். அந்த நான்கு இலக்கத்தில் முதல் எண்தான் தலைமுறையாம். 3 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ7 என்று மட்டும் சொல்வது, கார் விற்கும்போது பிராண்டைச் சொல்லிவிட்டு ஆண்டை மறைப்பது போலத்தான்.

அப்படியானால் விண்டோஸ் 11 எப்படி ஓடுகிறது? இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் அதை அனுமதிக்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றிவிட வழிகள் இருக்கின்றன. ஏற்றியபின் திரை புதுசு போல மின்னும், ஆனால் அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றுபோனதால், இப்படி வேஷம் போட்ட பெட்டிகள் சந்தையில் நிறைய திரிகின்றன என்றார்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் போய்ப் பார்த்தார். ஏதோ நிறுவனத்தின் சேவை வழியாக இயக்கப்பட்டது என்று இருந்தது. குடும்ப உபயோகக் கணினிக்கு ஏது நிறுவனம்? அந்த வகை அனுமதியைப் புதுப்பிக்காவிட்டால் 180 நாளில் காலாவதியாகிவிடுமாம். விற்றவருக்கு ஆறு மாதம் அவகாசம்.

பல்லியின் கதை இன்னும் மோசம். 1 டிபி என்றால் சுழலும் பாகம் இல்லாத, வேகமான எஸ்எஸ்டி என்று நானாக நினைத்துக்கொண்டேன். இருந்தது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டதும், அது ஓடிய நேரம் 43,000 மணி என்று காட்டியது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம்தான். கணக்குப் போட்டால் ஐந்து ஆண்டு இரவு பகலாக ஓடிய வட்டு. ஏதோ அலுவலகத்தில் நிறுத்தாமல் ஓட்டித் தள்ளியது. மகளின் பள்ளிப் படைப்பு ஒன்று அதோடு போயிற்று. படங்களை மட்டும் மீட்டுக் கொடுத்தார்.

யோசித்தால், விளம்பரத்தில் கணினியின் பாகங்களைப் பற்றி அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஐ7-தான், 16 ஜிபிதான், 1 டிபிதான். அதுதான் வயிற்றெரிச்சல். பழைய பொருள் விற்ற சுங்கை ரோடு திருடர் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. அங்கே பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது, பாவம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் விற்றவர் என்னை பிளாக் செய்துவிட்டார். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் ‘லெமன்’ சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். ஆனால் அது வியாபாரியிடம் வாங்கினால்தான், தனிநபர் விற்றால் கிடையாது. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்றால், என் போன்ற பயனீட்டாளருக்கு 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். யார் மேல் போடுவது? என்னிடம் இருப்பது ஒரு புனைபெயரும் பேநவ்வில் பாதி மறைந்த ஒரு பெயரும். புளோக் எண் தெரியும், எந்தத் தளம், எந்த வீடு என்று தெரியாது.

பிறகு ரோச்சோர் பக்கம் ஒரு சிறு கடையில் ஐ5-8500 போட்ட அலுவலகப் பெட்டியை 240 வெள்ளிக்கு வாங்கினோம். அரை மணி நேரம் அங்கேயே ஓடவிட்டு, மேலே சொன்னதை எல்லாம் பார்த்து, மாடல் எண்ணும் மூன்று மாத உத்தரவாதமும் எழுதிய ரசீது வாங்கினேன். அதிலும் ஒரு சின்னச் சிக்கல்: அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் வைஃபை இருக்காது, எச்டிஎம்ஐ துளையும் இருக்காது. வைஃபைக்கு ஒரு குச்சி, திரைக்கு ஒரு மாற்றுக் கம்பி என்று இன்னும் 30 வெள்ளி ஆனது. வாங்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

நேற்றிரவு சும்மா தேடியபோது அதே திராட்சைக் கொத்து விரிப்பு கண்ணில் பட்டது. வேறு பெட்டி, வேறு பெயர். குடும்ப உபயோகம், ஐ7, வேலை மாறி ஜோகூர் போகிறோம், அவசர விற்பனை, 290 வெள்ளி. ஈசூன் பக்கம் யாராவது பார்க்கப் போவதாக இருந்தால், அந்த விரிப்பை நினைவில் வையுங்கள்.