எக் எலெக்ட்ரிக்: ஒரு தீவின் மக்கள் தாங்களே நடத்தும் மின்சேவை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள் ஹெப்ரிடீஸ் தீவுகளுள் ஒன்றான எக்கில் ஏறக்குறைய நூறு பேர் வாழ்கிறார்கள். நாட்டின் மின்கட்டமைப்பு இத்தீவை எட்டியதே இல்லை. 1997ஆம் ஆண்டில் நிலவுடைமையாளரிடமிருந்து தீவையே விலைக்கு வாங்கிவிட்ட மக்கள், 2008 பிப்ரவரியில் தங்களுக்கென ஒரு மின்நிறுவனத்தையும் இயக்கத் தொடங்கினார்கள். அதுவரை பெரும்பாலான வீடுகள் அவரவர் டீசல் ஜெனரேட்டரின் இரைச்சலையும் எரிபொருள் செலவையும் சகித்துக்கொண்டுதான் விளக்கேற்றின. இன்று ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நிலத்தடிக் கம்பிவடம் இரவும் பகலும் எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் தருகிறது.

இச்சேவையில் நான் மிகவும் மதிப்பது அதன் காற்றாலைகளையோ சூரியத் தகடுகளையோ அல்ல, ஊரார் கூடி ஏற்றுக்கொண்ட உச்சவரம்பையே. ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. தொழில் நிலையங்களுக்கு 10 கிலோவாட். வசதி படைத்தவர் கூடுதல் பணம் கொடுத்து இந்த வரம்பைத் தாண்ட வழியில்லை. மின்கெண்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் சேர்ந்தாலே வரம்பை நெருங்கிவிடலாம் என்பதால், வீட்டிலுள்ள சிறிய காட்சிக் கருவியில் அந்த நொடியின் பயன்பாட்டைப் பார்த்து, ஒன்றை முடித்த பிறகு மற்றொன்றை இயக்கும் பழக்கம் அங்கே இயல்பாகிவிட்டது. பிரிட்டனின் வீடுகளில் பரவலாக உள்ள, உடனுக்குடன் வெந்நீர் தரும் மின்ஷவர் 7 கிலோவாட்டுக்கு மேல் கேட்கும். அதற்கு இங்கே இடமில்லை. இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வரம்பு இல்லாவிட்டால், மாலை நேர உச்சத் தேவைக்காக ஊர் இன்னும் பெரிய இயந்திரங்களை வாங்கி, ஆண்டின் பெரும்பகுதி அவற்றைச் சும்மா நிறுத்தி வைக்க நேர்ந்திருக்கும்.

உற்பத்தியில் முதலிடம் நீர்மின்சாரத்துக்கு. பெரிய நிலையம் 100 கிலோவாட் திறனுடையது. சிறியவை இரண்டும் உண்டு. சூரியத் தகடுகள் பின்னர் 50 கிலோவாட் அளவுக்கு விரிவாக்கப்பட்டன. அன் ஸ்கூர் என்னும் பாறைமுகட்டின் அடிவாரத்தில் நிற்கும் நான்கு காற்றாலைகள் தலா 6 கிலோவாட் மட்டுமே. மொத்தத் திறனில் ஏழில் ஒரு பங்கைக்கூட அவை எட்டுவதில்லை. அட்லாண்டிக் காற்று ஓயாமல் வீசும் ஓரிடத்தில் இது மிகக் குறைவு என்பதே என் கருத்து. இருந்தாலும் மூன்றையும் கலந்த முடிவு சரியானது: மழை குறையும் கோடையில் வெயில் கைகொடுக்கிறது, வெயில் மங்கும் குளிர்காலத்தில் மழையும் காற்றும் பெருகுகின்றன. இடைவெளியை மின்கலத் தொகுதி நிரப்ப, டீசல் கடைசித் துணையாக மட்டும் இருக்கிறது. ஆண்டுத் தேவையில் 90 விழுக்காடு அளவுக்கு இயற்கை மூலங்களே ஈடுகட்டுகின்றன. மிஞ்சும் மின்சாரம் வீணாவதில்லை. சமுதாயக் கூடம் போன்ற பொதுக் கட்டடங்களைச் சூடாக்குகிறது.

பராமரிப்பைப் பயிற்சி பெற்ற தீவுவாசிகளே பகுதிநேரமாகச் செய்கிறார்கள். பழுது ஏற்பட்டால் கடல் கொந்தளிப்பு அடங்கிக் கப்பல் வரும்வரை வெளியூர் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது தீவில் வாழ்பவருக்குச் சிறிய செய்தி அல்ல. ஆனால் 16 லட்சம் பவுண்டுக்கும் மேலான தொடக்கச் செலவில் பெரும்பகுதி மானியமாக வந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. அத்தகைய கொடை கிடைக்காத கடலோர ஊர், இதே ஹெப்ரிடீஸின் தென்கோடித் தீவுகளில் ஒன்றான கீயாவைப் பார்ப்பது நல்லது. அங்கே ஊரார் பயன்படுத்தப்பட்ட மூன்று காற்றாலைகளை, ஒவ்வொன்றும் 225 கிலோவாட், வாங்கி நிறுவி, மின்சாரத்தை நாட்டின் கட்டமைப்புக்கு விற்று வருமானம் ஈட்டினார்கள். கட்டமைப்பு எட்டாத எக்குக்கு அந்த வழி இல்லை.

எக்கின் மக்கள் இனி வீட்டைச் சூடாக்கவும் வண்டி ஓட்டவும் மின்சாரத்தையே நாடினால் 5 கிலோவாட் நெருக்கும். அப்போது முதலில் கூட்ட வேண்டியது காற்றாலைத் திறன். வெப்பம் மிகுதியாகத் தேவைப்படும் மாதங்களில்தான் அங்கே காற்றும் வலுவாக வீசுகிறது.