பிரிட்ஜில் வைத்த 120 ரோல் என்று யாராவது சொன்னால்

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு, 120 என்கிற அகலமான பிலிம் ரோலில் மீடியம் போர்மட் படம் எடுப்பவனுக்கு அந்த ரோல் கிடைப்பதே பெரும்பாடு. டவுன் ஸ்டூடியோக்காரர்கள் டிஜிட்டலுக்குப் போய்ப் பல வருடமாகிவிட்டது. அதனால்தான் பேஸ்புக்கில் ஒருவர் "120 கருப்பு வெள்ளை, 400 ஐஎஸ்ஓ, பத்து ரோல், வாங்கின நாளிலிருந்து பிரிட்ஜில்" என்று போட்டதைக் கண்டதும் கை துறுதுறுத்தது. ரோல் ஒன்று 2,500 ரூபா. பிரிட்ஜின் படமும் போட்டிருந்தார். மேல்தட்டில் வெள்ளித்தாள் உறைகள், பக்கத்தில் பாதி முடிந்த அன்னாசி ஜாம் போத்தல். சிரிக்காதீர்கள், அந்த ஜாம் போத்தலைப் பார்த்துத்தான் நம்பினேன். புழங்குகிற வீடு, உண்மையான மனிசன் என்று நினைத்துவிட்டேன். பத்து ரோலுக்கும் 25,000 ரூபாவை வங்கியில் போட்டேன்.

மூன்றாம் நாள் கூரியரில் வந்தது. பெட்டி இல்லை, வெறும் உறைகள். "பெட்டி இடத்தை அடைக்கும் என்று எறிஞ்சிட்டன்" என்றார். காலாவதித் திகதி அந்தப் பெட்டியில்தான் அச்சிட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒரு ரோலைப் பிரித்தபோது மழைக்காலத்து அலுமாரி வாசம் அடித்தது. ரோலைச் சுற்றி ஒட்டியிருக்கும் காகிதப் பட்டியில் பசை செத்துக் கிடந்தது. இரண்டையும் கவனித்தேன், இரண்டையும் கடந்து போனேன்.

அந்த நேரத்தில் எனக்கு ரோல் அவசரம். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தங்கச்சிக்கு மாடி வீடு கட்ட, அம்மம்மாவின் ஓட்டு வீட்டை இடிப்பதென்று முடிவாகியிருந்தது. 78 சூறாவளியில் கூரை பறந்து, திரும்ப ஓடு போட்ட வீடு. இடிக்க முதல் நாள் யாஷிகா மாட் கமராவோடு போய் மூன்று ரோல் எடுத்தேன். ரோலுக்குப் பன்னிரண்டாக 36 படம். திண்ணை, குசினிப் புகை படிந்த மூலை, அம்மம்மா சாய்ந்திருக்கும் சுண்ணாம்புச் சுவர். அடுத்த நாள் பெக்கோ வந்தது.

பிலிமை வீட்டில் கழுவுவது எனக்குப் புதிதல்ல. எங்கள் கிணற்றுத் தண்ணீர் வெயில் காலத்தில் 29 பாகையைத் தொடும். ஐஸ் கட்டியைப் பொலித்தீன் பையில் போட்டு, பேசினில் போத்தல்களை நிறுத்தி, டி-76 என்ற கழுவு மருந்தை 20 பாகைக்கு இறக்கிவிட்டுத்தான் தொடங்குவேன். அன்றும் அப்படித்தான். டாங்கைத் திறந்து நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தால் ஓரங்கள்கூடச் சாம்பல். கிட்டத்தட்டத் தெளிவாக இருக்க வேண்டிய ஓரம் அது. மறுகா ஸ்கேன் செய்தபோதுதான் முழுக் கூத்தும் தெரிந்தது. வெள்ளைச் சுவர் முழுக்கப் புள்ளியும் எண்ணும். தங்கச்சி பார்த்துவிட்டு, "சுவரில ஆர் நம்பர் எழுதினது?" என்று கேட்டாள்.

விற்றவருக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "அண்ணன், வீட்டில கழுவினா இப்பிடித்தான் வரும். லேபுக்குக் குடுத்திருக்கணும். உங்கட பக்கம் சூடும் கூடத்தானே."

இதைத்தான் எல்லாருக்கும் சொல்வார்கள், ஆகவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 120 ரோல் 1901இல் கொடாக் கொண்டுவந்தது. இன்றும் அடிப்படை அமைப்பு அதேதான்: பிலிமுக்குப் பின்னால் முழு நீளத்துக்கும் ஒரு காகிதம். இப்போது அதன் வெளிப்பக்கத்தில் 6×4.5, 6×6, 6×9 சென்ரிமீற்றர் பட அளவுகளுக்கு மூன்று வரிசை எண்கள். சுற்றி வைத்திருக்கும்போது அந்த அச்சு மை, அடுத்த சுற்றுப் பிலிமில் படம் பதிகிற மருந்துப் பக்கத்தில் நேரே அமர்ந்திருக்கும். வெக்கையிலும் ஈரத்திலும் நாட்கணக்காகக் கிடந்தால் எண் பிலிமில் பதிந்துவிடும். வானம், வெள்ளைச் சுவர் மாதிரி வெறுமையான இடங்களில்தான் அது பளிச்சென்று தெரியும். என் நெகட்டிவில் ஐந்தாம் படத்துச் சுவரில் 6 நின்றது. ஒரு சுற்றுத் தள்ளி ஒட்டிய எண். எந்தத் தண்ணீரில் கழுவினாலும் ஒரு பிலிமில் எண் முளைக்காது.

இருந்தாலும் வாயடைக்க வேண்டுமே என்று அதே வகைப் புது ரோல் ஒன்றைக் கூடின விலைக்கு எடுப்பித்தேன். அதையும் இவரது நாலாவது ரோலையும் கல்லடிப் பாலத்தடியில் ஒரே பின்னேரம் எடுத்து, இரண்டு ரீல் கொள்ளும் டாங்கில் ஒரு லீற்றர் மருந்தில் ஒன்றாகக் கழுவினேன். புதியதில் வாவியும் வானமும் சுத்தம். பழையதில் வானத்தில் எண். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பினேன். நீல அடையாளம் விழுந்தது, அதோடு என்னை முடக்கிவிட்டார்.

இதைச் செய்ய வேண்டிய நேரம் ரோல் வந்த அன்று. ஒரு ரோலைச் சும்மா வானத்துக்குப் பிடித்துக் கழுவிப் பார்த்திருந்தால் காசு போனாலும் வீடாவது படத்தில் இருந்திருக்கும். பெட்டியில்லாத ரோல் வாங்கத்தான் வேண்டுமென்றால் முதலில் ஒன்றை மட்டும் வாங்குங்கள். பிரிட்ஜில் வைப்பதும் சும்மா தட்டில் வைப்பதல்ல. சிலிக்கா ஜெல் போட்டு, காற்றுப் புகாத பையில் வைத்து, எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் உறையைப் பிரிக்காமல் விட வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர்க் காற்றுக்கு உடனே வேர்த்துவிடும். மிச்சம் ஆறு ரோலையும் நான் ரீலில் ஏற்றிப் பழகத்தான் வைத்திருக்கிறேன்.

விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை, போட்டும் பயனில்லை. போன கிழமை வேறு பெயரில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. எட்டு ரோல், ஒன்று 2,800 ரூபா, "வாங்கின நாளிலிருந்து பிரிட்ஜில்". மேல்தட்டில் அன்னாசி ஜாம் போத்தல் இன்னும் பாதியில்தான் நிற்கிறது.