அகலமான டயரும் அலைபாயும் ஸ்டீயரிங்கும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

195/65 R15 டயர்களோடு வந்த காரில் 225/45 R17 டயர்களைப் பொருத்தி, அவை தேய்ந்து தீரும் வரை ஓட்டிப் பார்த்த அனுபவம் இது. இந்தக் குறியீட்டில் முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீத உயரம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். இரண்டு அளவுகளுக்கும் மொத்த விட்டம் ஏறக்குறைய 634 மில்லிமீட்டர்தான் என்பதால் வேகமானியின் கணக்கு மாறவில்லை. மாறியது டயரின் உருவம்: அகலம் 30 மில்லிமீட்டர் கூடியது, பக்கச்சுவரின் உயரம் 127 மில்லிமீட்டரிலிருந்து 101 மில்லிமீட்டராகக் குறைந்தது.

சமமான தார்ச்சாலையில் இந்த மாற்றம் பாராட்டும்படியே இருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே வண்டி திரும்பியது. வளைவுகளில் உடல் சாய்வதற்கு முன்பே சக்கரம் பதில் சொன்னது. ஆனால் மழைநீர் வடிவதற்காக நீளவாக்கில் கோடு வெட்டப்பட்ட கான்கிரீட் சாலையிலும், சரக்கு லாரிகள் ஓடி ஓடித் தடம் பதிந்த சாலையிலும் அதே வண்டி வேறொன்றாக மாறிவிடும். கையைத் தளர்த்தினால் மூக்கு ஒரு பக்கம் தேடிச் செல்லும். திருத்தினால் மறுபக்கம் போகும். இவ்விரண்டு சாலைகளும் ஒரே தொல்லையைத் தருவதுபோல் தோன்றினாலும், காரணங்கள் வெவ்வேறு.

வெட்டப்பட்ட கோடுகளை முதலில் பார்க்கலாம். இவை பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் அகலமும் அதே அளவு ஆழமும் கொண்டு, சுமார் 19 மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டப்படுகின்றன. டயரைச் சுற்றி ஓடும் ரப்பர் வரிகளின் விளிம்புகள் இக்கோடுகளில் சிறிதளவு பிதுங்கி இறங்கும். டயரின் வரிகளுக்கும் சாலையின் கோடுகளுக்கும் இடைவெளி ஒத்துப்போனால், பல விளிம்புகள் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு, பின்னர் ஒரே நேரத்தில் விடுபடும். அந்தப் பிடிப்பும் விடுதலும்தான் இருக்கையில் மெல்லிய ஆட்டமாக உணரப்படுகிறது. அகலமான டயரில் வரிகள் அதிகம், ஆகவே பிடிக்கும் விளிம்புகளும் அதிகம். இதில் வண்டி உண்மையில் விலகும் தூரம் மிகக் குறைவு, பயம்தான் பெரிது. டயரின் பட்டன், அதாவது அந்த ரப்பர் வரிகளின் உயரம், பாதி தேய்ந்த பிறகு இந்த ஆட்டம் எனக்குக் கணிசமாகக் குறைந்தது.

தடம் பதிந்த சாலையின் கதை அப்படியல்ல. டயர் தேய்ந்த பிறகும் அது குறையவில்லை. லாரியின் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் காரினுடையதைவிட அதிகம் என்பதால், காரின் இரு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் இரு பள்ளங்களின் நடுவிலும் பொருந்தி ஓட இயலாது. ஒன்று தட்டையான இடத்தில் ஓடும்போது மற்றொன்று பள்ளத்தின் சரிவில் ஏறி நிற்கிறது. குறுகிய, பக்கச்சுவர் உயர்ந்த டயராக இருந்தால் அது அந்தச் சரிவுக்கேற்ப வளைந்து கொடுத்துவிடும். அகலமும் விறைப்பும் கொண்ட டயர் வளைவதில்லை. மேட்டில் இருக்கும் விளிம்பு மட்டும் கூடுதல் சுமையைத் தாங்க, தரையிலிருந்து வரும் விசையின் மையம் அந்த விளிம்பை நோக்கி நகர்ந்துவிடுகிறது. உருளும்போது ஏற்படும் எதிர்ப்பும் பிரேக் பிடிக்கும்போது ஏற்படும் விசையும் அந்த நகர்ந்த புள்ளியில் செயல்படுவதால், சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அதைச் சுற்றி ஒரு முறுக்கு உண்டாகி, சக்கரத்தை மேட்டுப்பக்கம் திருப்பப் பார்க்கிறது. இரு பக்கமும் சமமாக, எதிரெதிராக இழுத்தால் இடையிலுள்ள இணைப்புத்தண்டிலேயே அது அடங்கிவிடும். ஒரு சக்கரம் மட்டும் சரிவில் இருக்கும்போது அடங்குவதற்கு எதிரி இல்லை. முழு இழுப்பும் ஓட்டுநரின் கைக்கு வந்து சேர்கிறது.

அகலமான டயரில் தரையைத் தொடும் பரப்பு மிகவும் கூடிவிடும் என்ற பரவலான நம்பிக்கையையும் இங்கே சற்றுத் திருத்த வேண்டியுள்ளது. அந்தப் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை சக்கரத்தின் மேல் இறங்கும் எடையும் உள்ளிருக்கும் காற்றழுத்தமும்தான். அவை மாறாதபோது, அகலம் கூடக் கூடத் தொடுபரப்பின் நீளம் குறைகிறது. நீளமான தொடுபரப்பில் பக்கவாட்டு விசை நடுவுக்குச் சற்றுப் பின்னால் செயல்பட்டுச் சக்கரத்தை நேர்நிலைக்குத் திருப்ப உதவும். நீளம் குறைந்தால் அந்த உதவியும் குறையும். இழுப்பு கூடியிருக்கும் நேரத்தில் இயல்பாக நேராகும் குணமும் மெலிந்துவிடுகிறது.

வீல் அலைன்மென்ட் செய்தால் எல்லாம் தீரும் என்று பணிமனைகளில் சொல்வது வழக்கம். அது ஓரளவுக்கே உண்மை. முன்சக்கரங்கள் வெளிப்பக்கம் சிறிது விரிந்திருந்ததைச் சரிசெய்து, மிகக் குறைந்த அளவு உள்நோக்கி வைத்தபோது நேர்ச்சாலையில் பதற்றம் தணிந்தது. தடப்பள்ளத்தில் இழுப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. சஸ்பென்ஷன் இணைப்பில் தேய்ந்திருந்த ஒரு ரப்பர் புஷ்ஷை மாற்றியதில்தான் நல்ல மாற்றம் கிடைத்தது. பழைய டயர் மறைத்து வைத்திருந்த தளர்ச்சியை அகலமான டயர் காட்டிக்கொடுத்தது என்பதே சரி.

மிகப் பெரிய வேறுபாட்டைத் தந்தது ரிம்மின் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியோடு பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதைச் சொல்லும், பலரும் கவனிக்காத எண் இது; ரிம்மில் ஈடி (ET) என்று குறிக்கப்படும். முதலில் பொருத்திய ரிம் ஈடி 35; வண்டியோடு வந்ததோ ஈடி 45. இந்த 10 மில்லிமீட்டர் வித்தியாசம் டயரின் நடுக்கோட்டையே வெளியே தள்ளி, திருப்பும் அச்சிலிருந்து அதை விலக்கிவிடுகிறது. டயரில் விழும் ஒவ்வொரு விசைக்கும் நெம்புகோலின் கை நீண்டுவிடுகிறது. அதே டயர்களை ஈடி 45 ரிம்மில் ஏற்றியபோது, குறிப்பாக பிரேக் பிடிக்கும் வேளையில் ஸ்டீயரிங்கைப் பிடுங்கும் குணம் பாதிக்கும் கீழே வந்துவிட்டதாக என் கைக்குப் பட்டது. வண்டி சற்று உள்ளடங்கித் தெரிகிறது என்பதைத் தவிர இதில் இழப்பு ஏதும் இல்லை. தோற்றத்துக்காகச் சக்கரத்தை வெளியே தள்ளுவோர் ஒரு முறையேனும் தடம் பதிந்த சாலையில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

காற்றழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். கதவோரம் ஒட்டியுள்ள அட்டையில் குறித்த அளவைவிட 3 பிஎஸ்ஐ கூட்டியபோது டயர் இன்னும் விறைத்து, சரிவுகளை அதிகமாகப் பின்தொடர்ந்தது. குறைத்தபோது பக்கச்சுவர் நெளிந்து திருப்பத்தின் துல்லியம் போயிற்று. குறித்த அளவே சிறந்தது. ஓட்டும் விதத்தில், ஒவ்வொரு சிறு விலகலுக்கும் எதிராகத் திருப்பாமல் ஸ்டீயரிங்கை இறுக்கமின்றிப் பிடித்து, பள்ளத்துக்கு நடுவே ஓடாமல் அரை அடி தள்ளி ஓட்டுவது உதவியது. மழையில் இந்தத் தள்ளி ஓட்டல் கட்டாயமாகிறது. தடப்பள்ளத்தில்தான் நீர் தேங்குகிறது. அகலமான டயருக்கு அந்த நீரைப் பிளந்து தரையைத் தொடுவது குறுகிய டயரைவிடக் கடினம்.

அந்த டயர்கள் தீர்ந்த பிறகு இப்போது ஓடுவது 205/55 R16. விட்டம் 632 மில்லிமீட்டர். பக்கச்சுவர் 113 மில்லிமீட்டர். ரிம் வண்டியோடு வந்ததன் ஆஃப்செட்டிலேயே இருக்கிறது. வளைவில் அந்தக் கூர்மை சிறிது மழுங்கியிருக்கிறது. ஆனால் கோடு வெட்டிய கான்கிரீட்டில் ஆட்டம் அனேகமாக இல்லை. தடப்பள்ளத்தில் இழுப்பு இருக்கிறது, ஒரு கையால் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு.