சிக்னல் கன்ட்ரோல் ரூம்ல ஆறு வருஷம்: அடாப்டிவ் சிஸ்டம் எப்படி இருக்கு?

ஆறு வருஷமா சிக்னல் கன்ட்ரோல் ரூம்ல ஸ்க்ரீன் பாக்குறதுதான் நம்ம பொழப்பு. ரோட்டுல வண்டி வர்றத பாத்து தானா டைமிங் மாத்திக்குற அடாப்டிவ் சிஸ்டம். எந்த கம்பெனின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

அதுக்கு முன்னாடி காலை, மதியம், சாயங்காலம்னு மூணு பிளான் போட்டு வெச்சிருந்தோம், ரோட்ல யாருமே இல்லாட்டியும் பிளான்ல இருக்குற பச்சைய கொடுத்துட்டேதான் இருக்கும். அந்த தொல்லை போச்சு. ராத்திரிலயும் மதியத்துலயும் வித்தியாசம் நல்லாவே தெரியுது, சைடு ரோட்ல ஒரே ஒரு கார் வந்து சும்மா நின்னுட்டிருக்குற கதையெல்லாம் இப்ப இல்ல.

ஆனா பீக் ஹவர்ல பெருசா எதிர்பாக்காதீங்க. ரோடு தாங்குறதுக்கு மேல வண்டி வந்தா சாஃப்ட்வேர் என்ன பண்ணும்? வெப்ஸ்டர்னு ஒருத்தர் 1958லயே சைக்கிள் டைமுக்கு, அதாவது சிக்னல் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு எல்லா பக்கத்துக்கும் ஒரு ரவுண்டு முடிக்குற நேரத்துக்கு, ஃபார்முலா கொடுத்துட்டார், அதுல லோடு ரோட்டோட கெபாசிட்டிய நெருங்க நெருங்க சைக்கிள் எகிறிட்டே போகும், முட்டுச்சுன்னா விடையே கிடையாது. அப்பல்லாம் நாங்களே உள்ள பூந்து முந்தின ஜங்ஷன்லயே வண்டிய கொஞ்சம் புடிச்சு வெச்சு விடுவோம், அதுதான் கை கொடுக்குது.

சரி, இப்ப மெயின் மேட்டர். இந்த சிஸ்டத்துக்கு கண்ணுன்னா தாருக்கு கீழ கொஞ்சம் ஆழத்துல பதிச்சிருக்குற கம்பி லூப்தான். பிரிட்டன்ல வந்த ஸ்கூட்ங்குற அடாப்டிவ் சிஸ்டம் அத ஸ்டாப் லைனுக்கு நல்லா முன்னாடியே வெச்சு வண்டி வர்றப்பவே எண்ணிக்கும், சிட்னில வந்த ஸ்காட்ஸ்ங்குற சிஸ்டம் ஸ்டாப் லைன்கிட்டயே வெச்சு பச்சை எவ்வளவு யூஸ் ஆச்சுன்னு பாக்கும். எதுவா இருந்தாலும் லூப் போச்சுன்னா சிஸ்டம் குருடுதான்.

ஒரு தடவை ஒரு சைடு ரோடு ராத்திரி பூரா ஃபுல் பச்சை வாங்கிட்டிருந்துச்சு, ஒரு ஈ காக்கா இல்ல. ரெண்டு நாள் சாஃப்ட்வேர்ல பக் தேடினோம், வெண்டர் லாக் ஃபைல் கேட்டான், நாங்க அனுப்பினோம், அவன் திரும்ப வேற லாக் கேட்டான், கடைசில நம்ம ஆள் ஒருத்தர் வண்டிய எடுத்துட்டு போயி பாத்தா ரோட்ட சுரண்டி புது தார் போட்டிருக்காங்க. லூப் அறுந்து போச்சு. லூப்புல இருந்து தகவல் வரலன்னா வண்டி நிக்குதுன்னே வெச்சுக்கோன்னு செட்டிங், அதனால அங்க எப்பவும் வண்டி நிக்குதுன்னு அது நம்பிட்டு இருந்துச்சு, பாவம். ரோடு போடுறவங்களுக்கும் நமக்கும் பேச்சுவார்த்தையே இல்ல, வேற யார குத்தம் சொல்றது.

பைக் ஓட்டுறவங்களுக்கு ஒண்ணு: லூப்புக்கு நட்ட நடுவுல நின்னா உங்கள அது கண்டுக்காம போக வாய்ப்பு இருக்கு. தார்ல வெட்டி அடைச்ச கோடு தெரியும்ல, அது மேலயே வீல வெச்சு நில்லுங்க.

எனக்கு ரொம்ப புடிச்ச பார்ட் எதுன்னா ரோட்டோர பெட்டிக்குள்ள இருக்குற கான்ஃபிளிக்ட் மானிட்டர். மோதுற ரெண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்துல பச்சை வந்தா எங்க சாஃப்ட்வேர் என்ன சொன்னாலும் கேக்காது, உடனே எல்லாத்தையும் பிளிங்க்ல போட்டுரும். இதுவரைக்கும் என்னை அது கைவிட்டதில்ல.

வாங்கப் போறவங்க டெமோல கலர் கலரா மேப் காட்டினா மயங்காதீங்க, லூப் அறுந்தா யாரு எத்தன நாள்ல மாத்துவீங்கன்னு எழுத்துல வாங்குங்க. நாங்க வாங்கல. இத டைப் பண்றப்ப என் ஸ்க்ரீன்ல 11 லூப் சிவப்பா இருக்கு, அதுல நாலு போன மழைக்கு முன்னாடி போனது.