ஆர்.ஏ. ஃபேக்டரா, ஆன்டி சிசிபியா?

காலையில் எழுந்தால் விரல் மடங்கவில்லை, சட்டைப் பட்டன் போட அரை மணி நேரம் ஆகிறது. முடக்குவாதமோ (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.) என்று லேபுக்குப் போனால் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சிசிபி என்ற இரண்டு ரத்த டெஸ்டில் எது என்று குழப்பம்.

எதைப் பிடிக்கிறது: ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது நம் சொந்த ஐஜிஜி ஆன்டிபாடியின் (கிருமியை எதிர்க்க ரத்தத்தில் இருக்கும் புரதத்தின்) வாலைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி. சிசிபி தேடுவது வேறு: ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலின் என்ற இன்னொன்றாக மாறிய புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடியை.

செலவு: ஆர்.ஏ. மலிவு. சிசிபி பல மடங்கு.

கோட்டை விடுவது: இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவரை விட்டுவிடும்.

பொய் அலாரம்: இங்கேதான் சிசிபி ஜெயிக்கிறது. நோய் இல்லாதவர்களில் சுமார் 95% பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டும், ஆர்.ஏ. 85% பேருக்குத்தான். ஹெபடைட்டிஸ் சி, கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரன் நோய், ஏன், வெறும் வயசானாலே கூட ஆர்.ஏ. பாசிட்டிவ் வரலாம்.

மூட்டு வீக்கமே இல்லாமல் சும்மா வலிக்கு என்றால் இரண்டும் வேண்டாம். வீக்கம் ஆறு வாரம் தாண்டியும் இருந்தால் இரண்டையும் சேர்த்தே எடுங்கள். கையில் காசு இடித்து ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால், அல்லது ஆர்.ஏ. லேசாக மட்டும் கூடியிருந்தால், என் ஓட்டு சிசிபிக்கு.