இரத்தக் கழிச்சல்: பூண்டா, ஆம்ப்ரோலியமா, டோல்ட்ராசூரிலா?

சென்னையில் மொட்டை மாடியில் குஞ்சு வளர்ப்பவர்களுக்கு ஐப்பசி மழை தொடங்கினாலே கவலைதான். கூண்டுத் தரை ஈரமானதும், மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகள் இறகை உப்பிக்கொண்டு மூலையில் ஒடுங்கும். எச்சத்தில் இரத்தம் தெரியும். குடலைத் தாக்கும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணிதான் பெரும்பாலும் காரணம். (பழுப்பு நிறத்தில் பசைபோல் அவ்வப்போது விழும் எச்சம் இயல்பானது, அதைக் கண்டு பதற வேண்டாம்.)

சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், சீரகம் அரைத்து உருண்டையாகக் கொடுப்பது பலருக்கும் கைவந்த வைத்தியம். தீவனம் மாறியதால் வந்த லேசான கழிச்சல் என்றால், குஞ்சு சுறுசுறுப்பாக இரை பொறுக்குகிறது என்றால், அதைக் கொடுத்து ஒருநாள் பார்க்கலாம். இரத்தம் கண்ட பிறகு அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது குஞ்சுக்குச் செய்யும் கொடுமை. ஓரிரு நாளிலேயே செத்துவிடும்.

இரத்தம் கண்டால் என் முதல் தேர்வு ஆம்ப்ரோலியம் என்ற மருந்து. விலை குறைவு, குஞ்சின் உடம்புக்கும் அவ்வளவாகக் கெடுதல் இல்லை. 20 சதவீதப் பொடி என்றால் லிட்டர் தண்ணீருக்கு சுமார் 1.2 கிராம், ஐந்து நாள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், வேறு தண்ணீர் வைக்கக் கூடாது. ஒட்டுண்ணிக்குத் தயமின், அதாவது வைட்டமின் பி1, கிடைக்காமல் தடுப்பதுதான் இதன் வேலை. அதனால் அந்த நாட்களில் ‘தெம்புக்கு’ என்று பி காம்ப்ளக்ஸ் ஊற்றினால் மருந்தின் பலன் குறையும். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

டோல்ட்ராசூரில் இதைவிட வலுவானது, ஒட்டுண்ணியின் பல வளர்நிலைகளையும் அழிக்கும். 2.5 சதவீதக் கரைசல் லிட்டருக்கு 1 மி.லி., இரண்டு நாள் கொடுத்தால் போதும். கூட்டமே சுருண்டு கிடக்கும்போது நான் இதற்குத்தான் போவேன். விலை கூடுதல், முட்டையிடும் கோழிக்கு ஆகாது. எந்த மருந்தானாலும் தண்ணீர் குடிக்காத குஞ்சைத் தனியாக எடுத்து, அலகில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும், புரையேறாமல்.

கடையில் கேட்காமலே நீட்டும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பொடி ஐமீரியாவைக் கொல்லாது. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட்டுக்கோ பூண்டு உருண்டை, ஆம்ப்ரோலியம், டோல்ட்ராசூரில் மூன்றுமே உதவாது. அது வைரஸ்; ஏழாம் நாள் போடும் சொட்டு மருந்துதான் காப்பு. பின்புறம் எச்சம் ஒட்டிக் காய்ந்த பச்சிளம் குஞ்சுக்கு வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு விளக்குச் சூட்டைப் பாருங்கள். முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி வேண்டும்.

சரி, மருந்து கொடுத்தாயிற்று. ஈரக் கூளம் அப்படியே கிடந்தால்? எச்சத்தில் வரும் ஒட்டுண்ணி முட்டை, ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும், சாதாரண கிருமிநாசினிக்கும் அசையாது. பழைய உமியை வாரிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள், தண்ணீர்த் தட்டை எச்சம் விழாத உயரத்தில் வையுங்கள். அப்படியும் இரத்தம் நிற்கவில்லை என்றால் புதிய எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் ஐமீரியாவா இல்லையா என்று தெரிந்துவிடும்.