யால வனத்துக்குள் தங்க இடம் தருவதாகச் சொல்லி 84,000 ரூபா பறித்தார்கள்: நண்பர்களுடன் புறப்பட இருப்போர் கவனத்துக்கு

யால தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சுற்றுலா பங்களாவில் ஓர் இரவு, ஜீப்பில் இரண்டு சவாரி, ஆறு பேருக்கும் நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து என்று சொல்லி எங்களிடம் 84,000 ரூபா வாங்கிய ஒருவர், கடந்த சனிக்கிழமை நாங்கள் பலட்டுப்பான வாயிலில் நின்று அழைத்தபோது தொலைபேசியை எடுக்கவே இல்லை. இன்று செவ்வாய்க்கிழமை. பணம் திரும்பவில்லை, திரும்பும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. அடுத்த நீண்ட வார இறுதிக்குள் இன்னொரு கூட்டம் இதே வலையில் விழக்கூடாது என்பதற்காகவே ஆத்திரம் அடங்குமுன் இதை எழுதுகிறேன்.

யாலவுக்குப் போனவர்களுக்கு அந்தப் பங்களாக்களின் அருமை தெரியும். மற்றவர்கள் காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போது ஜீப் வரிசையில் புழுதி தின்று உள்ளே போய், மாலை ஆறு மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். பங்களாவில் தங்குபவர்களோ இரவு முழுவதும் காட்டுக்குள்ளேயே இருக்கலாம். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திற்குச் சொந்தமான அவை எண்ணிக்கையில் மிகக் குறைவு. நீண்ட வார இறுதிகளில் கண்ணை மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும். பொசன் விடுமுறைக்கு எங்களுக்கும் கிடைக்கவில்லை. அப்போதுதான் சமூக ஊடகத்தில் பயண ஏற்பாடு செய்து தரும் பக்கம் ஒன்றில், கடைசி நேரத்தில் கைவிடப்பட்ட முன்பதிவு ஒன்று இருப்பதாக விளம்பரம் வந்தது.

அந்தப் பக்கத்தின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை, முறைப்பாடு நிலுவையில் இருக்கிறது. ஆனால் அந்த ஆள் எப்படி நம்பிக்கையைச் சம்பாதித்தார் என்பதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அவருடைய தொழிலே அதுதான். முதல் அழைப்பிலேயே தமிழில் பேசினார். ஆடிவேல் காலத்தில் கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகும் அடியார்களுக்கு உகந்தைமலை முருகன் கோயிலிலிருந்து குமண, யால காடுகளின் வழியெங்கும் தண்ணீர் பவுசர் ஒழுங்கு செய்பவர் தான் என்றார். காட்டுப் பாதை திறக்கும் நாளில் எடுத்ததாகச் சில படங்களையும் அனுப்பினார். முருகன் பெயரைச் சொல்லிப் பேசுபவரிடம் பற்றுச்சீட்டு கேட்கவே கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்டோம். அடுத்த அரை மணி நேரத்தில் அரச இலச்சினை, பங்களாவின் பெயர், பதிவிலக்கம் எல்லாவற்றுடனும் ஒரு தாள் வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது.

அதைவிட எங்களை நம்ப வைத்தது அவர் அனுப்பிய சாமான் பட்டியல். பங்களாவில் சமைத்துத் தர ஆள் உண்டு, ஆனால் அரிசி முதல் உப்பு வரை நாங்களே கொண்டுபோக வேண்டும், படுக்கை விரிப்பும் நம்முடையதே, கோழியை ஐஸ் பெட்டியில் வையுங்கள், குடிதண்ணீரைக் கூடுதலாக எடுங்கள் என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். முன்பு ஒருமுறை அங்கே தங்கிய நண்பனிடம் காட்டினோம். எல்லாம் சரியாகவே இருக்கிறது என்றான். பாலைப்பழக் காலம், கரடி மரத்தடிக்கே வரும், விடியற்காலையில் பாருங்கள் என்றுகூட அந்த மனிதர் சொல்லியிருந்தார். அதுவும் உண்மைதான். சொன்ன அத்தனையும் உண்மை, பதிவு மட்டுமே பொய்.

முதலில் கேட்டது 30,000 ரூபா முற்பணம். புறப்படுவதற்கு முந்திய வியாழன் மாலை, திணைக்களம் முழுத்தொகையையும் இன்றே கட்டச் சொல்கிறது, இல்லாவிட்டால் வேறு ஆட்களுக்குப் போய்விடும் என்று மீதி 54,000 ரூபாவையும் கேட்டார். வங்கிக் கணக்கு வேறொரு பெயரில் இருந்ததைச் சுட்டிக் கேட்டபோது, அது தங்கள் கணக்காளருடையது என்று தயங்காமல் பதில் வந்தது. "தம்பி, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, வாசலிலை என்ரை ஆள் நிப்பார்" என்ற அந்தக் குரல் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது.

சனிக்கிழமை அதிகாலையில் வெள்ளவத்தையிலிருந்து வானில் கிளம்பி, தெற்கு அதிவேக வீதியால் அம்பாந்தோட்டை வந்து, திஸ்ஸமகாராமவில் எருமைத் தயிர்ச் சட்டிகளும் வாங்கிக்கொண்டு முற்பகலில் வாயிலை அடைந்தோம். அவருடைய ஆளும் இல்லை, ஜீப்பும் இல்லை. கருமபீடத்தில் இருந்த உத்தியோகத்தர் எங்கள் தாளை வாங்கி, இலக்கத்தைப் பதிவேட்டில் ஒத்துப் பார்த்து, அந்தப் பங்களாவில் வேறொரு குடும்பம் ஏற்கெனவே இருப்பதாகச் சொன்னார். தாளைத் திருப்பித் தரும்போது, இப்படி வருபவர்கள் நீங்கள் முதல் ஆட்கள் அல்லர் என்றார். அவர் மரியாதையாகவே நடந்துகொண்டார், குற்றம் அவர்மேல் இல்லை. அந்த வெயிலில் வானின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் மாறி மாறி அழைக்க, பின் இருக்கைக்கடியில் ஐஸ் பெட்டி கசிந்து, கோழிநீர் படுக்கை விரிப்புப் பைக்குள் ஊறிக்கொண்டிருந்தது.

அன்று மாலைதான் முதல் பதில் வந்தது: ஜீப்புக்குக் காற்றுப் போய்விட்டதாம். பங்களா விடயத்தைக் கேட்டதும் அது கணினிக் கோளாறு ஆனது. ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் பூட்டு, திங்கள் காலை முழுப்பணமும் கணக்கில் விழும் என்றார். திங்கள் காலை, கணக்காளருக்குச் சுகமில்லை. நண்பன் ஒருவன் கடுமையாகப் பேசியபோது, "காட்டுக்குப் போறவைக்குப் பொறுமை வேணும் தம்பி" என்று எங்களுக்கே புத்தி சொன்னார் அந்தப் புண்ணியவான். மதியத்துக்குப் பிறகு நாங்கள் அனுப்பும் செய்திகளுக்கு ஒற்றைச் சரி அடையாளம் மட்டுமே விழுகிறது. பக்கத்தில் நாங்கள் இட்ட கருத்துகள் அழிக்கப்பட்டு, எங்கள் எல்லோருடைய கணக்குகளும் தடுக்கப்பட்டுவிட்டன.

வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய பணம் என்பதால் மறுதரப்பின் சம்மதமின்றி மீட்க முடியாது என்று ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பொலிஸ் நிலையத்திலோ, பணம் போன கணக்கு எந்த ஊர்க் கிளையில் இருக்கிறதோ அங்கே போய் எழுதுங்கள் என்றார்கள்; வற்புறுத்திய பின்னரே முறைப்பாட்டைப் பதிந்தார்கள். 84,000 ரூபா என்று சொன்னபோது எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆறு பேர் சேர்த்த பணம் அது.

பயணம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: திஸ்ஸமகாராமவில் விடுமுறை விலைக்கு அறை எடுத்து, மறுநாள் வேறொரு ஜீப் பிடித்து உள்ளே போனோம். பாலை மரத்தடியில் கரடி நின்றது. பட்டணங்கல கடற்கரையில், 2004 ஆழிப்பேரலையில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னத்தின் அருகே இறங்கி நின்றபோதும், ஒருவன் அந்த இலக்கத்துக்கு அழைத்துக்கொண்டேதான் இருந்தான்.

போக இருப்பவர்களுக்கு விரிவாக ஒரு வழிகாட்டி எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. பங்களா வேண்டுமென்றால் திணைக்களத்தின் சொந்த இணையத்தளத்தில் அல்லது அலுவலகத்தில் உங்கள் பெயரிலேயே பதியுங்கள். இன்னொருவர் கைவிட்ட பதிவு என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். தாளில் இருக்கும் இலக்கத்தைப் புறப்படுமுன் திணைக்களத்திடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். ஜீப்பைத் திஸ்ஸமகாராமவுக்குப் போய், வண்டியையும் சாரதியையும் நேரில் பார்த்தே பேசுங்கள். தனியாளின் கணக்குக்கு முழுத்தொகையையும் அனுப்பச் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள்.

அந்தப் பக்கத்தில் இன்று காலையும் அதே பங்களாவுக்கு எசல விடுமுறை வெற்றிடம் இருப்பதாக விளம்பரம் போட்டிருக்கிறார்கள் என்று வேறொரு நண்பர் படம் பிடித்து அனுப்பினார். பாத யாத்திரை, தண்ணீர் பவுசர், கணக்காளர் என்ற கதையைக் கேட்டுப் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். முறைப்பாட்டு இலக்கம் என்னிடம் இருக்கிறது, உங்களுடையதையும் சேர்த்தே கொடுக்கலாம்.